பதினைந்து கிராம்

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு கேரம் போர்டு இருக்கும். ஒரு மூலையில் வலை அறுந்து, போரிக் பவுடரும் தூசியும் சேர்ந்து அப்பி, தொலைந்துபோன ஒரு கறுப்புக் காய்க்குப் பதிலாக சோடா மூடியை வைத்து ஆடிய போர்டு. காய்கள் எல்லாம் பழைய டப்பா ஒன்றில் கிடக்கும். அதில் கையை விட்டுத் துழாவி, ஸ்ட்ரைக்கரை மட்டும் வெளியே எடுங்கள். உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். எத்தனை கிராம் இருக்கும், சொல்லுங்கள்?

தெரியாதல்லவா? நாமெல்லாம் கடையில் ஸ்ட்ரைக்கர் வாங்கிய லட்சணம் அப்படி. கடைக்காரர் நாலைந்தை மேஜையில் பரப்புவார். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று வைத்துக்கொண்டு, ஏதோ தங்கம் வாங்குகிற பாவனையில் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, எது அதிகமாகக் கனக்கிறதோ அதை வாங்கி வருவோம். 'வெயிட்டா இருந்தாதான் அடி நல்லா விழும்.' இதை நமக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. அது நம் ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. பாத்திரம், பூட்டு, மனிதர்கள் என்று எதுவாக இருந்தாலும் கனமாக இருந்தால்தான் நமக்கு மரியாதை வரும்.

எங்கள் தெருவில் குட்டி யானை ஓட்டுகிற ஒருவர் இருக்கிறார். யானை என்றால் நாலு சக்கர யானை. வீடு மாற்ற, பீரோ ஏற்ற, கல்யாண மண்டபத்துக்குக் காய்கறி இறக்க என்று வண்டி எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கும். வடசென்னையில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் நற்பணி மன்றத்துக் கேரம் போர்டில் அவர்தான் ராஜா. 'அண்ணன் அடிச்சா போர்டே ஆடும்' என்று இன்றைக்கும் பழைய சகாக்கள் சொல்கிறார்கள். அந்த அடிக்குக் காரணம் என்று அவர் நம்புவது ஒரு ஸ்ட்ரைக்கரை. தந்தத்தின் நிறத்தில், ஓரத்தில் ஒரு சிவப்பு வளையத்தோடு, பிளாஸ்டிக் மாதிரியும் கண்ணாடி மாதிரியும் இருக்கும். இருபத்தைந்து வருஷமாக அதைத் துணியில் சுற்றி, வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு பத்திரமாக வைத்திருக்கிறார்.

அவருடைய மகன் பிளஸ் டூ படிக்கிறான். காமர்ஸ் குரூப். (நான் படித்த படிப்பு என்பதால் எனக்கு அவன்மேல் தனிப் பிரியம்.) அப்பா கற்றுக் கொடுத்து, அப்பாவின் ஸ்ட்ரைக்கரிலேயே பழகி, இப்போது அப்பாவையே தோற்கடிக்கிறான். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு நல்ல கல்லூரியில் சீட், பிறகு அதே வழியில் ஒரு மத்திய அரசு வேலை. வீட்டில் எல்லோருக்கும் இதுதான் கனவு. வெறும் பகல் கனவு இல்லை. விளையாட்டு வீரர்களை அரசுப் பணிக்கு எடுக்கிற பட்டியலில் கேரமும் இருக்கிறது. ரயில்வேயிலும் வங்கிகளிலும் எண்ணெய் நிறுவனங்களிலும் கேரம் ஆடியே உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

அதற்கு முதல் படி மாவட்டப் போட்டி. போன மாதம் அதற்காகப் பயிற்சி பெற, ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் பையனை அனுப்பினார்கள். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் பையனின் ஆட்டத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஸ்ட்ரைக்கரை வாங்கினார். மேஜை டிராயரிலிருந்து பாக்கெட் ரேடியோ சைஸில் ஒரு டிஜிட்டல் தராசை எடுத்தார். வைத்தார். 19.4 கிராம்.

"இது செல்லாது தம்பி" என்றார்.

சர்வதேச கேரம் விதிப்படி ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமைத் தாண்டக் கூடாது. குறுக்களவு 4.13 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. தந்தமோ உலோகமோ கூடவே கூடாது. 15 கிராம் என்றால் எவ்வளவு? நம் வீட்டுப் பெண்களுக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், இரண்டு பவுனுக்கு ஒரு கிராம் கம்மி.

பையன் ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டான். அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. என்னிடம் வந்து கொட்டித் தீர்த்தார். "இன்னா சார் இது? பதினஞ்சு கிராம்னா கையில இருக்கிறதே தெரியல. பொரி உருண்டை மாறி கீது. அதெல்லாம் சின்னப் பசங்க ஆடறது சார். இத்தினி வருசமா ஆடன கையி, திடீர்னு மாத்துன்னா இன்னா அர்த்தம்? போட்டிக்கு அஞ்சு வாரம்தான் கீது."

பத்திரிகைக்காரன் என்றால் எல்லா ஆபீஸிலும் ஆள் தெரியும், விதியைக்கூட வளைத்துவிடுவான் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. என்னால் முடிந்தது, இந்த நாலு கிராமில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்ப்பது மட்டும்தான்.

பி.காம். படித்தவனுக்கும் பௌதிகத்துக்கும் ஏழாம் பொருத்தம். ஆகவே பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிற நண்பர் ஒருவரைப் பிடித்தேன். அவர் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டே இரண்டு சூத்திரங்கள் எழுதிக் கொடுத்தார். கால்குலேட்டரைத் தட்டுகிற வேலை என்னுடையது. அது எனக்குக் கைவந்த கலை.

கணக்கைக் கேளுங்கள். ஒரு காயின் எடை விதிப்படி 5 முதல் 5.5 கிராம். 5.3 என்று வைத்துக்கொள்வோம். 15 கிராம் ஸ்ட்ரைக்கர் நொடிக்கு 100 செ.மீ. வேகத்தில் போய், ஒரு காயை நேருக்கு நேராக மோதுகிறது. காய் 148 செ.மீ. வேகத்தில் பறக்கும். ஸ்ட்ரைக்கரும் அங்கேயே நின்றுவிடாது. 48 செ.மீ. வேகத்தில் காய்க்குப் பின்னாலேயே போகும். இது சேதாரமே இல்லாத ஏட்டுக் கணக்கு. நிஜப் போர்டில் கொஞ்சம் குறையும்.

இப்போது அதே வேகத்தில் 20 கிராம் ஸ்ட்ரைக்கர். காயின் வேகம் 158. அவ்வளவுதான்! எடையை மூன்றில் ஒரு பங்கு ஏற்றினோம். காய்க்குக் கிடைத்தது நூற்றுக்கு ஏழு கூட. ஒரு கிலோ ஸ்ட்ரைக்கரைத் தூக்கி வந்தாலும் அந்த எண் 200-ஐத் தொடாது. கல்லூரியில் குறைந்து செல் விளைவு விதி என்று ஒன்றை மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறேன். வயலில் உரம் போட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் மகசூல் ஏறாது என்பார்கள். அந்த விதி கேரம் போர்டு மேல் உட்கார்ந்திருக்கும் என்று எங்கள் பேராசிரியர் சொல்லவே இல்லை.

விஷயம் அதோடு முடியவில்லை. ஸ்ட்ரைக்கர் காய்க்குப் பின்னாலேயே போகிறது என்றேனே, அந்த மிச்ச வேகத்தைப் பாருங்கள். 15 கிராமுக்கு 48. 20 கிராமுக்கு 58. வழவழப்பான பலகையில் சறுக்குகிற பொருள் எத்தனை தூரம் போய் நிற்கும் என்பது அதன் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. அப்படியானால் கனமான ஸ்ட்ரைக்கர், அடித்த பிறகு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு தூரம் ஓடும். எங்கே ஓடும்? காய் போன அதே வழியில். காய் எங்கே போனது? பாக்கெட்டுக்கு. 4.45 செ.மீ. வாய் உள்ள பாக்கெட்டில் 4.13 செ.மீ. ஸ்ட்ரைக்கர் தாராளமாக விழும். விழுந்தால் மைனஸ். போட்ட காயும் வெளியே வரும், தண்டமாக இன்னொரு காயும் வரும்.

வரவு ஏழு சதவிகிதம். அபாயம் ஒன்றரை மடங்கு. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

"அப்போ லேசா வெச்சுக்கிட்டா நல்லதா சார்?" என்று பையன் கேட்டான். சரியான கேள்வி. அதற்கும் தட்டிப் பார்த்தேன். 10 கிராம் ஸ்ட்ரைக்கர் என்றால் காயின் வேகம் 131, பின்தொடர்கிற வேகம் 31. மைனஸ் பயம் குறைவு. இன்னும் குறைத்துக் காயின் எடைக்கே, 5.3 கிராமுக்கே கொண்டு வந்துவிட்டால் மோதின இடத்தில் ஸ்ட்ரைக்கர் அப்படியே நின்றுவிடும். தன் வேகம் மொத்தத்தையும் காய்க்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் சிவனே என்று நிற்கும்.

ஆனால் லேசானதில் வேறு வில்லங்கம் இருக்கிறது. காயை நேராக அடிக்காமல் ஓரமாக வெட்டுகிறோம் அல்லவா, அப்போது ஸ்ட்ரைக்கரும் தன் பாதையிலிருந்து விலகும். 15 கிராம் என்றால், ஒரு காயில் எப்படிப் பட்டாலும், அதிகபட்சம் 21 டிகிரிதான் விலகும். 10 கிராம் என்றால் 32 டிகிரி வரை ஓடும். 20 கிராம் 15 டிகிரியோடு சரி. மாடு மாதிரி நேரே போகும். இரண்டு காயை ஒரே அடியில் விழவைக்க நினைக்கும்போது, முதல் காயில் பட்ட ஸ்ட்ரைக்கர் எந்தப் பக்கம் திரும்பும் என்று நிச்சயமாகத் தெரிந்தால்தான் இரண்டாவது காய் கிடைக்கும். கனம் இங்கே ஒரு வரம்தான்.

அப்புறம் பிரேக். ஆட்டத்தின் முதல் அடி. நடுவட்டத்தில் 19 காய்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. மொத்தம் நூறு கிராம். அதைக் கலைக்க 15 கிராம் போகிறது. ஒரு லோடு லாரியின் மேல் மொபெட் மோதுகிற கதை. அங்கே ஒவ்வொரு கிராமும் பேசும். நல்ல ஆட்டக்காரர்களுக்கு பிரேக்தான் உயிர். காய்கள் நன்றாகப் பிரிந்துவிட்டால், எதிராளிக்குச் சான்ஸே கொடுக்காமல் ஒன்பது வெள்ளையையும் சிவப்பையும் ஒரே மூச்சில் போட்டு முடித்துவிடுவார்கள். ஸ்லாம் என்பார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பாவமாக இருக்கும்.

ஆக, மன்றத்துப் பசங்கள் கனமான ஸ்ட்ரைக்கரைத் தேடியது முட்டாள்தனம் இல்லை. அவர்களுடைய போர்டு அப்படி. மழைக்காலத்தில் ஈரம் குடித்து நடுவில் லேசாகக் குழிந்த பலகை. பவுடரையே விழுங்குகிற பலகை. அதில் ஏழு சதவிகிதம் அதிக வேகம் என்பது, பாக்கெட் வாசலில் நின்றுபோகிற காய்க்கும் உள்ளே விழுகிற காய்க்கும் உள்ள வித்தியாசம். போட்டிப் பலகையின் கதை வேறு. அது எவ்வளவு வழுக்க வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு பலத்தோடு சுண்டினால், எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி, இப்படி மூன்றரை முறையாவது போய் வர வேண்டும். அந்தக் கண்ணாடித் தரையில் 19 கிராமோடு போய் உட்கார்வது, சேற்றில் ஓட்டிய டிராக்டரை அண்ணா சாலைக்குக் கொண்டுவருகிற மாதிரி.

மாஸ்டரை நானே போய்ப் பார்த்தேன். கணக்கெல்லாம் எழுதிய என் சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். சிரித்தார். "எல்லாம் சரிதான் சார். விரல் எங்கே?" என்றார்.

ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. பிறகு விளக்கினார். "நீங்க ரெண்டு ஸ்ட்ரைக்கரும் ஒரே வேகத்துல போகும்னு கணக்குப் போட்டிருக்கீங்க. தள்றது விரல்தானே? கனம் ஏறினா விரல் கொஞ்சமாவது மெதுவாகும். அந்த ஏழு பர்சன்ட்ல பாதி அங்கேயே போயிடும். ஒரு மேட்ச்சுக்கு மூணு கேம் சார். நகத்துல ரத்தம் கட்டிக்கிட்டு மூணாவது கேம் ஆடின பசங்களைப் பார்த்திருக்கேன்."

அவரிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய ஸ்ட்ரைக்கர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் எடையைப் பேனாவால் குறித்து, மேலே ஒட்டுத்தாள் போட்டு வைத்திருக்கிறார். 12.1, 13.5, 14.2, 14.7, 14.9. எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டேன்.

"பெரும்பாலும் எல்லாரும் பதினஞ்சை ஒட்டித்தான் வெச்சுக்குவாங்க. பிரேக்குக்கு வேணுமே. ஆனா 14.9 வேணாம்னு சொல்வேன். இங்கே 14.9 காட்டற தராசு அங்கே 15.1 காட்டினா? நடுவர்கிட்ட சண்டையா போட முடியும்? பையனோட நிம்மதி அங்கேயே போயிடும். 14.7 எடுத்துக்கலாம். மீதி 0.3 நம்ம தூக்கத்துக்கு." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "எடையை அப்புறம் பாருங்க சார், முதல்ல அடிப்பக்கம் சமமா இருக்கான்னு பாக்கணும். நூலளவு மேடு இருந்தாலும் ஸ்ட்ரைக்கர் தள்ளாடும்" என்றார்.

கேரத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். குண்டு எறிதலில் ஆண்களுக்கு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ. கிரிக்கெட்டில்கூடப் பெண்கள் ஆடுகிற பந்து எடை குறைவு. கேரத்தில் அந்தப் பேச்சே இல்லை. ஆணோ பெண்ணோ, குண்டோ ஒல்லியோ, எல்லோருக்கும் அதே போர்டு, அதே காய், அதே 15 கிராம். 1991-லும் 1995-லும் உலக சாம்பியனாகி, அர்ஜுனா விருது வாங்கிய நம்மூர் மரிய இருதயத்துக்கும் அதே வரம்புதான். 2008-ல் உலகப் பட்டம் வென்ற வியாசர்பாடி இளவழகிக்கும் அதேதான். 2024 நவம்பரில் அமெரிக்காவுக்குப் போய் உலகக் கோப்பையில் மூன்று தங்கத்தோடு திரும்பி, தமிழக அரசிடம் ஒரு கோடி ரூபாய் பரிசு வாங்கினாரே காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், அவருக்கும் அதேதான். சர்வதேச கேரம் சம்மேளனமே 1988-ல் நம் சென்னையில் தொடங்கியதுதான். விதி எங்கிருந்தோ வந்து நம் தலையில் விழவில்லை.

'சின்னப் பசங்க ஆடறது' என்று சொன்ன அப்பாவிடம் காசிமாவைப் பற்றிப் பையன்தான் சொன்னான். "அந்தக்காவும் பதினஞ்சுலதாம்பா ஆடுது." அப்பா பதில் சொல்லவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பையன் 14.7-ஐ எடுத்துக்கொண்டான். முதல் வாரம் பார்க்கச் சகிக்கவில்லை. கை பழைய கனத்துக்கே சுண்டுகிறது. ஸ்ட்ரைக்கர் இலேசாகப் பறந்து, எதிர்ச் சட்டத்தில் தெறித்து, தன் காயைத் தானே கலைக்கிறது. கண்ணாடியைத் துடைக்கப் போன கை கண்ணாடியை உடைத்த கதை. மாஸ்டர் ஒன்றும் திருத்தவில்லை. தினம் முந்நூறு முறை, காயே இல்லாத வெற்றுப் போர்டில், எதிர்ச் சட்டம் வரை போய்த் தொடாமல் நிற்கும்படி சுண்டச் சொன்னார். அவ்வளவுதான் பயிற்சி. மூன்றாவது வாரம் நான் பார்த்தபோது, ஸ்ட்ரைக்கர் சட்டத்துக்கு ஒரு விரல்கடை முன்னால் நாய்க்குட்டி மாதிரி சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது. பையன் முகத்தில் சிரிப்பில்லை. அடுத்ததைச் சுண்டத் தயாராகிவிட்டான்.

இதற்கிடையே அப்பா ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார்.

ஒருநாள் இரவு பத்து மணிக்கு அவர் வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால், ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றைத் தரையில் வைத்து, அதன்மேல் உப்புத்தாளை ஒட்டி, தண்ணீர் தெளித்து, தன் ஸ்ட்ரைக்கரை வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி எதற்கு என்று கேட்டேன். "சமமா தேயணும் சார். தரையில தேச்சா ஓரம் தின்னுடும்." மாஸ்டர் சொன்ன அடிப்பக்கக் கணக்கு இவர் காதுக்கும் வந்திருக்கிறது.

"லேத்ல குடுத்தா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுடாதா?"

"லேத்துக்காரன் கையி நடுங்கிச்சுன்னா? இருவத்தஞ்சு வருசம் சார் இது." கொஞ்ச நேரம் தேய்த்தார். "அவன் அந்த 14.7-லயே ஆடட்டும், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா போட்டியில ஸ்ட்ரைக்கர் கீழ விழுந்து மூக்கு உடைஞ்சா? ஸ்பேர் வோணும்ல?"

எடை பார்க்க அவரிடம் டிஜிட்டல் தராசு கிடையாது. மாஸ்டரிடம் போகத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே தெருமுனை நகைக்கடைக்குப் போகிறார். போன சனிக்கிழமை நானும் கூடப் போனேன். சீருடைத் துணியால் ஸ்ட்ரைக்கரைத் துடைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற தராசில் வைக்கச் சொன்னார். கடைக்காரருக்கு இது நாலாவது தடவையாம். முகத்தில் எரிச்சல் இல்லை, ஆர்வம்தான்.

15.58.

"ஏங்க, இதுக்கு சேதாரம் எவ்ளோ போடலாம்?" என்று கடைக்காரர் கிண்டலாகக் கேட்டார்.

"இன்னும் முக்கால் கிராமுக்கு மேல போவணும்" என்றார் இவர், சிரிக்காமல். "பதினாலு எழுபதுக்கு வரணும். போட்டி வர்ற பதினாலாந்தேதி."